பரிமளம் டீச்சர் நாய்க்குத் தைத்த உடுப்பு

“மாஸ்டர், நாய்க்கு முழங்கால் எங்க இருக்கு?”

போன கிழமை ஒரு காலைப்பொழுதில், பரிமளம் டீச்சர் காலமாகிவிட்டார் என்று அவருடைய தமையனாரின் மகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கேள்விதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பிள்ளை, “மாமா, கேக்குதோ?” என்று இரண்டு தரம் கேட்டாள். கேட்டது. கேட்டுக்கொண்டே நான் சிரித்துக்கொண்டும் நின்றேன். அதை அவள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாளோ தெரியாது. டீச்சர் கண்டிருந்தால் கோபித்திருக்கமாட்டார்.

டீச்சரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருகோணமலையில் எங்கள் பாடசாலையில் படித்த பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மனையியல் படிப்பித்தவர். கொத்துத் தையலும் சங்கிலித் தையலும் அவரிடம்தான் பழகியிருப்பீர்கள். ஒரு துணியைக் கையில் எடுத்தால் அதைக் கசக்குவார், நனைப்பார், முகருவார், பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று சொல்வார். ஆனால் அவர் சோடாவுக்கு உடுப்புத் தைத்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் உடனிருந்தவர்களில் இப்போது அதைச் சொல்ல மிஞ்சியிருப்பவன் நான்தான்.

சோடா என்பது டீச்சரின் நாய். மண்ணிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். குட்டியாக இருந்தபோது சந்தியில் ஒரு சோடாக் கடையின் வெறும் போத்தல் பெட்டிக்குள் கிடந்து கத்தியதால் அந்தப் பெயர். டீச்சர் கல்யாணம் செய்யவில்லை. டச்சு வளைகுடாப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். சண்டை தொடங்கிய பிறகு கொழும்பிலிருந்த தமையனார், “நீ அங்க தனிய இருக்கேலாது, வெளிக்கிட்டு வா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார். “தனிய எங்கயண்ணை இருக்கிறன்? சோடா இருக்கிறான். அவன் குரைப்பான் எண்ட தைரியத்திலதான் நான் நித்திரை கொள்ளுறனான்.” தமையனார் அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார். அப்படி அந்த நாயை ஆதாரமாக வைத்துத்தான் டீச்சர் எங்கள் ஊரில் இருந்தார். அவர் இருந்தபடியால்தான் எங்கள் பாடசாலையில் மனையியல் பாடமும் இருந்தது.

அந்தச் சோடாதான் ஒருநாள் தெருவோரம் போட்டிருந்த முட்கம்பிச் சுருளுக்குள்ளால் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு பாய்ந்தான். பூனை போய்விட்டது. சோடாவின் பின்னங்கால் ஒன்று கம்பியில் கிழிபட்டது.

அரசாங்க மிருக வைத்தியர் கந்தளாய்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், சிங்களவர். தமிழை மாடு வளர்ப்பவர்களிடம் பழகியவர். அதனால் எந்தப் பிராணியை மேசையில் ஏற்றினாலும் முதலில் “இது முட்டுமா?” என்றுதான் கேட்பார். சோடா முட்டமாட்டான் என்று டீச்சர் உறுதி சொன்ன பிறகு காலைப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே ஓடுகிற தசைநாண் பாதி அறுந்துவிட்டது என்றார். “முழுசா அறுந்திருந்தா நான் ஒண்டும் செய்யேலாது. பாதி இருக்கு. அது தானா ஒட்டும். ஆனா ஒட்டுற வரைக்கும் இந்த மூட்டு மடங்கக் கூடாது. மடங்கினா கால எடுக்கத்தான் வேணும்.” காயத்தைத் தைத்து, அது ஆறத் தொடங்கியதும் பரிஸ் சாந்து வைத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்த சோடா வழமைபோல் நேரே கடலுக்குள் இறங்கினான். கட்டு கஞ்சியாகிவிட்டது.

இனித் தண்ணீரில் கரையாத தாங்கல் ஒன்றுதான் வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் ஆசிரியர் அறையில் டீச்சர் அந்த முழங்கால் கேள்வியைக் கேட்டார். நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். கரும்பலகை இல்லாமல் எனக்குக் கதை வராது. நாய்க்கு முழங்கால் வயிற்றுக்குப் பக்கத்தில், மேலே இருக்கிறது என்றேன். பின்பக்கமாக மடங்குகிறதே, நாங்கள் முழங்கால் என்று நினைக்கிறோமே, அது அதன் குதி. நாய் நடப்பது எங்களைப்போல் உள்ளங்காலில் அல்ல, விரல்களில்.

“விளங்கேல்ல மாஸ்டர். செய்து காட்டுங்கோ.”

உதாரணம் கேட்டால் எனக்கு மறுக்க வராது. செருப்பைக் கழற்றிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி நின்றேன். டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்து, அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, என் குதி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பார்த்தார். அந்த நேரம் பாடசாலை அதிபர் அம்மா உள்ளே வந்தார்.

“என்ன மாஸ்டர், இந்த வயசில அரங்கேற்றமோ?”

“அசையாதேங்கோ மாஸ்டர்,” என்றார் டீச்சர், அதிபரைப் பார்க்காமலே. “இப்ப நீங்கள்தான் சோடா.”

பிறகு டீச்சரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றார். கையைப் பின்னால் விட்டுத் தன் குதியைத் தொட்டுப் பார்த்தார். “ஓ! இதுக்குத்தான் தாங்கல் வேணும். முழங்காலுக்கு இல்லை,” என்றார். அதன் பிறகு அவர் யாரிடமும் நாயின் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே எல்லாருக்கும் விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

நாயின் காலைத் தாங்குவதற்கென்று பட்டி விற்கும் கடை இப்போது கொழும்பில் இருக்கலாம். அப்போது எங்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. டீச்சர் அதைச் “சோடாவின்ர உடுப்பு” என்றார். உடுப்பு என்று சொன்னபடியால் அதைத் தெரிந்தெடுப்பதும் அவருக்கு இலேசாகிவிட்டது. துணி வாங்கும்போது கேட்கவேண்டியவை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பாரே, அதையேதான் கேட்டார். போடுகிறவன் யார்? போட்டுக்கொண்டு என்ன செய்வான்? எங்கே நனையும்? எப்படிக் காயும்? எது உடம்பில் உரசும்?

முதலில் செயற்கைக் கால் செய்யும் வேலைத்தலம் ஒன்றில் கேட்டுப் பார்த்தோம். அங்கே வேலை செய்தவர் நல்ல மனிதர். காலில் பலமில்லாத ஒரு பிள்ளைக்குச் செய்து மிஞ்சிய தாங்கல் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், தோல் வார், பித்தளைக் கொளுவி. பலம் என்றால் அதுதான் பலம். நானாக இருந்தால் அதையே எடுத்திருப்பேன். டீச்சர் அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். தோலில் தண்ணீரை விட்டார், விரலால் அமத்தினார், முகர்ந்தார்.

“மூட்டைப் பிடிக்கும், ஓம். ஆனா பாரம் அவனைப் பிடிச்சு இழுக்குமே. உப்புத்தண்ணி பட்டா தோல் ரெண்டு கிழமையில பலகை மாதிரி விறைச்சுப் போகும். இதைப் போட்டா சோடா நடக்கமாட்டான் மாஸ்டர், அணிவகுப்புச் செய்வான்.”

வைத்தியரிடம் போகும் வழியில் இராணுவத்தின் சோதனைச் சாவடி இருந்தது; அதை இரும்போடு கடப்பதைப் பற்றி நாங்கள் கதைக்கவே தேவையிருக்கவில்லை.

ஆக, பாரம் இல்லாமல், தண்ணீருக்குப் பயப்படாமல், தோலை உரசாமல், ஆனால் மூட்டை மடங்கவிடாமல் ஒரு பொருள் வேண்டும். எங்களோடு வர்த்தகம் படிப்பித்த ஜுனைதீன் மாஸ்டர் கிண்ணியாக்காரர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இரண்டொரு நாள் கழித்துத் தன் தம்பி ரபீக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரபீக் சங்கு குளிக்கிறவர். சண்டைக்கு முன்னர், நிலாவெளியில் கடலுக்கடியைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போனவர். அவர்களில் ஒருவர் விட்டுப்போன மூழ்கும்போது போடுகிற கறுப்பு ரப்பர் சுழியோடி உடுப்பு ஒன்று அவரிடம் இருந்தது. கடலில் மூழ்குவதற்குத் தடை வந்த பிறகு அது வீட்டில் சாக்குக்குள் கிடந்தது.

ரபீக் தன் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தார். போத்தலைச் சுற்றி, சூடு ஆறாமல் இருக்கப் போட்டதுபோல, தடித்த கறுப்பு ரப்பர் உறை. அதைக் கழற்றி டீச்சரிடம் நீட்டினார். அந்தச் சுழியோடி உடுப்பின் ஒரு கை, தோளுக்குக் கொஞ்சம் கீழே வெட்டியது.

“ஐயோ தம்பி, வெட்டிப்போட்டீங்களே!”

“முழு உடுப்பையும் கொண்டு வந்தா நான் இஞ்ச வந்து சேந்திருக்க மாட்டன் டீச்சர். இடையிலயே புடிச்சிருப்பாங்க.”

“அதில்லை. நாளைக்குத் தடை எடுத்தா கடலுக்க எப்பிடி இறங்குவீங்கள்?”

“அரைக்கைச் சட்டையோட இறங்குறன். சங்கு என்ன, என்னப் பாத்து வெட்கப்படுமா?”

ஜுனைதீன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பி அந்த உடுப்பை வெயிலில் காயவைத்து, மா பூசி, மடிக்காமல் சுருட்டி வைக்கிற பக்குவம் அவருக்குத் தெரியும். டீச்சருக்கும் அது விளங்கியது. அந்த ரப்பரை அவர் கசக்கவில்லை. நனைக்கவும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விறைப்புக்கு என்ன செய்வது என்பது என் பங்கு. பிள்ளைகள் கோடு போட்டு அளக்கிற, வளையக்கூடிய பிளாஸ்டிக் அடிமட்டங்கள் இரண்டை எடுத்து, ஆய்வுகூடத்து மதுசார விளக்கின் சிறு சுவாலையில் மெதுவாகச் சூடாக்கி, சோடா நிற்கும் சாய்வுக்கு வளைத்தேன். டீச்சர் அவற்றை உள்ளே பஞ்சு வைத்த பைகளில் மூட்டின் இரு பக்கமும் இறக்கி, மீன்வலை நூலால் தைத்தார். பழைய புத்தகப் பைகளிலிருந்து கரகரவென்று ஒட்டும் பட்டிகளை வெட்டி மூன்று இடத்தில் வைத்தார். போட்டு முடிந்ததும் சோடா அதைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தான். பிறகு எழும்பி நடந்தான். குதி மடங்கவில்லை. நேரே கடலுக்குப் போனான். திரும்பி வந்து உதறினான். உடுப்பு அப்படியே இருந்தது. நாங்கள் கை தட்டினோம். அது கொஞ்சம் முந்திவிட்டது.

அந்த உடுப்பை ஒவ்வொரு நாளும் அவிழ்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் கட்டை யார் அவிழ்த்துப் பார்க்கிறார்கள்? அது அசையாமல் இருக்கட்டும் என்று விட்டோம். சோடா மட்டும் அதை நக்கத் தொடங்கினான். “புது உடுப்பு, பழகவேணும்,” என்றார் டீச்சர். வைத்தியர் குறித்துத் தந்த நாளில், என் சைக்கிள் கரியரில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கட்டி, அதற்குள் சோடாவை இருத்தி, டீச்சர் பக்கத்தில் நடக்க, வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

சாவடியில் நின்றவன் இளம் பையன், சிங்கள இராணுவக்காரன். பெட்டிக்குள் பார்த்தான். நாய். நாயின் காலில் தடித்த கறுப்புப் பொருள். அதன் விளிம்பில் எட்டிப் பார்த்த அடிமட்டத்தின் இலக்கங்கள். பின்னுக்கு ஓரடி வைத்து, கழற்றச் சொல்லிக் கைகாட்டினான். டீச்சருக்குக் கோபம். “டொக்டர் அவிழ்க்க வேண்டியதை இவன் ஏன் அவிழ்க்கச் சொல்லுறான்?” என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே முதல் பட்டியை இழுத்தார். ‘சர்ர்ர்’ என்று அது கிழிந்த சத்தத்தில் அந்தப் பையன் துள்ளிவிட்டான். சோடா அவனைப் பார்த்துக் குரைத்தான். வரிசையில் நின்ற சனம் சிரித்தது. பிறகு அவனும் சிரித்தான். உடுப்பு முழுதாகக் கழன்றதும் அவன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவன். காலைச் சுட்டிக்காட்டி, “துவாலய, துவாலய” என்றான். காயம் என்கிறான். உடுப்பு வழுகி வழுகித் தேய்த்த இடத்தில், குதிக்குப் பின்னால், தோல் போயிருந்தது.

டீச்சரின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கண்டதில்லை. வைத்தியசாலைக்குப் போகும்வரை சோடாவின் காலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே நடந்தார். தமையனார் அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். “நாய்க்குக் கால் நேராகினா இரு. இல்லாட்டிப் பெட்டியைக் கட்டு,” என்று இந்த முறை முடிவாகவே சொல்லிவிட்டார்.

வைத்தியர் காயத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நாணுக்குப் போயிருக்கும், நல்ல நேரம், என்றார். பிறகு உடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் மடித்துத் தைத்திருந்த அகலமான பகுதியை விரலால் விரித்தார். சோடாவின் காலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சர், இந்த மாடு… இந்த நாய் இன்னும் வளருமா?”

எங்கள் டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளின் சீருடைக்கு அளவு வெட்டிய கை! வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் போடவேண்டும் என்று பக்கத்தில் இரண்டு விரல், கீழ்மடிப்பில் நாலு விரல் விட்டுத் தைத்த கை. ரப்பரைக் கண்டதும் அந்தக் கை தன் பாட்டில் சோடாவுக்கும் வளர இடம் விட்டுவிட்டது. சோடா அப்போது நரை விழத் தொடங்கிய நாய். டீச்சர் அங்கே கிடந்த வாங்கில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வெளியே பசுக்களோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வைத்தியரும் சிரித்தார். சோடா மட்டும் சிரிக்கவில்லை.

காயம் காயும்வரை சோடாவைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மூட்டை மென்மையாகச் சுற்றி, கையால் தூக்கித்தான் வெளியே விட்டார் டீச்சர். உடுப்பைப் பிரித்து, சோடாவை நிற்கவைத்து அளந்து, திரும்பத் தைத்தார். இந்த முறை கடைசிப் பட்டியை ஒட்டிய பிறகு உள்ளே சின்னிவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் போகவேண்டும், ஆனால் சுழலக் கூடாது. அதுதான் அளவு. வைத்தியர் சொன்னபடி ஒவ்வொரு நாள் விடியவும் உடுப்பை முழுதாகக் கழற்றி, சோடாவைப் படுக்கவைத்து, மூட்டு மடங்காமல் பிடித்துக்கொண்டு தோலைப் பார்த்து, துடைத்து, திரும்பப் போடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் “செக்கிங்”. காலையில் பிந்தி வந்தால், “சோடாவுக்குச் செக்கிங் முடிய நேரமாச்சு” என்பார். அதிபர் அம்மா சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். எங்கள் ஊரில் அந்தக் காலத்துச் சோதனைகளை நினைத்து யாரும் சந்தோசப்படமாட்டார்கள். ஆனால் சோடாவின் காலை ஒரு சோதனை காப்பாற்றியது என்பதும் உண்மை. அந்தப் பையன் அங்கே நின்ற காலமெல்லாம் டீச்சரைக் கண்டால் தன் காலைத் தொட்டுக் காட்டி, சுகமா என்று சைகையால் கேட்பான். இவர் தலையாட்டுவார்.

விடுமுறைக்குத் தமையனார் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும், குசினி வாசலில் படுத்திருந்த சோடா எழும்பி, கறுப்பு உடுப்போடு, முற்றத்து மணல் பறக்க ஓடினான். ஓடினான் என்று நான் எழுதுவது மிகையில்லை. படலையில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, அந்தப் பின்னங்காலில் ஊன்றி நின்று குரைத்தான். கொழும்பிலிருந்து ஒரு முழு நாள் பயணம் செய்து வந்த மனிதர், கையில் மாம்பழப் பையோடு தெருவில் நின்றார்.

“பரிமளம், நாயைப் பிடி!”

“கால் நேரோ எண்டு முதல் சொல்லுங்கோ அண்ணை!”

“நேர், நேர்! பிடி!”

“நல்ல வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ!”

“உன்ர நாயும் நீயும்! சரி, இஞ்சயே கிட! இப்ப என்னை உள்ள விடு!”

டீச்சர் இருந்தார். சண்டை முடியும்வரை இருந்தார், அதற்குப் பிறகும் இருந்தார். சோடா மழை நாட்களில் கொஞ்சம் நொண்டுவான். மற்றபடி வயது போய்ச் சாகும்வரை அந்தப் படலையை யாரும் அவனுக்குத் தெரியாமல் திறந்ததில்லை. தடை எடுத்த பிறகு ரபீக் உண்மையாகவே அரைக்கைச் சட்டையோடுதான் இறங்கினார். முதலில் எடுத்த சங்கைக் கொண்டுவந்து டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, “இது சோடாவுக்கு” என்றார்.

போன வருடம் டீச்சர் விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தபோது பார்க்கப் போனேன். மருந்துக் கடையில் வாங்கிய தாங்குபட்டி ஒன்றை அவருடைய தமையனார் மகள் போட்டுவிட்டிருந்தாள். டீச்சர் அதற்குள் சின்னிவிரலை விட்டார். பிறகு முழுக் கையையும் விட்டுக் காட்டினார். “பாத்தீங்களோ மாஸ்டர், எனக்கும் வளர இடம் விட்டிருக்கிறாங்கள்.” அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பிள்ளை பயந்துபோய் ஓடிவந்தாள். நான் டீச்சரைக் கடைசியாகக் கண்டது அன்றுதான். அதைவிட நல்ல கடைசி நாள் ஒன்றை நான் கேட்டிருக்கமாட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு சிறிய வட்டக் கறுப்பு ரப்பர். சோடாவின் உடுப்பில் மிஞ்சியதை வெட்டி, போத்தல் மூடி இறுகினால் திறக்கவென்று தந்தது. இன்றைக்கும் எங்கள் குசினியில் அதுதான் மூடி திறக்கிறது. மற்றது, செய்து பார்க்காமல் விளங்கிவிட்டது என்று சொல்லாத அவருடைய பழக்கம். அதை நான் முழுதாகப் பழகினேன் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் தருகிறேன்.

இதை வாசித்து முடித்ததும் எழும்பி, ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று, ஒரு கையைப் பின்னால் விட்டு உங்கள் குதியைத் தொட்டுப் பாருங்கள்.